குற்றம் செய்யாத கைதிகள்! கடைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கொரில்லா: சாவி யார் கையில்?

அமெரிக்காவில் ஒரு கடைக்குள் 27 வருஷம் அடைத்து வைக்கப்பட்ட கொரில்லா 1994-ம் ஆண்டு வெளியே வந்தது. தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் ஒரு கடையின் மாடியில் அடைக்கப்பட்ட இன்னொரு கொரில்லா, 30 வருஷம் தாண்டியும் வெளியே வரவில்லை.

இரண்டும் ஒரே ஜாதி மிருகம். இரண்டையும் வைத்திருந்தது பெரிய கடை. இரண்டுக்காகவும் ஆயிரக்கணக்கான பேர் குரல் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் கதவு திறந்தது. மற்றதற்குத் திறக்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? விவரம் வருமாறு:-

கூட்டம் சேர்க்க மிருகம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. சியாட்டிலுக்குப் பக்கத்து ஊர்.

அங்கே 1946-ம் ஆண்டு "பி அண்டு ஐ" என்ற கடை தொடங்கப்பட்டது. பிராட்ஷா, இர்வின் என்ற 2 பேர் சேர்ந்து தொடங்கியதால், அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளே கடைக்குப் பெயர் ஆயிற்று.

எர்ல் இர்வின் வியாபாரத்தில் கில்லாடி. ஜனங்களைக் கடைக்குள் இழுக்க என்ன செய்யலாம் என்று யோசித்தார். மிருகங்களைக் கொண்டு வந்து கடையில் வைத்தார். சர்க்கஸ் வேடிக்கை காட்டினார்.

கணக்கு சுலபமானது. குரங்கு பார்க்க வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கும். பிள்ளையோடு அப்பா, அம்மா வருவார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? சட்டையோ, சட்டியோ வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் 1964-ம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காங்கோ காட்டில் இருந்து 2 கொரில்லாக் குட்டிகள் வந்து சேர்ந்தன. ஒன்று ஆண். ஒன்று பெண்.

பெண் குட்டி கொஞ்ச காலத்திலேயே செத்துப் போயிற்று. ஆண் குட்டி பிழைத்தது. அதன் பெயர் ஐவான்.

தாயைக் கொன்றால்தான் பிள்ளை

கொரில்லாக் குட்டியைப் பிடிப்பது லேசான வேலை அல்ல. குட்டி 3, 4 வயது வரை தாய்ப்பால் குடிக்கும். தாயின் வயிற்றிலும் முதுகிலும் தொற்றிக்கொண்டே திரியும். தாய் விடமாட்டாள். கூட்டத்துத் தலைவனான பெரிய ஆண் கொரில்லாவும் விடாது. பாய்ந்து வரும்.

அதனால் அந்தக் காலத்துப் பிடிகாரர்கள் முதலில் பெரியவற்றைச் சுடுவார்கள். பிறகு குட்டியைத் தூக்குவார்கள். ஒரு குட்டி கடைக்கு வந்தது என்றால், காட்டில் ஒரு குடும்பமே அழிந்திருக்கலாம்.

இப்படிப் பிடித்து விற்பதற்கு அப்போது பெரிய தடை இல்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 1975-ம் ஆண்டுதான் அமலுக்கு வந்தது. காட்டுக் கொரில்லாவை விலைக்கு விற்பது அதன் பிறகே தடை செய்யப்பட்டது.

ஐவான் பிடிபட்டது அதற்கு 11 வருஷம் முந்தி. ஆகவே அந்த ஒப்பந்தப்படி யாரும் குற்றவாளி இல்லை!

வீட்டில் 3 வருஷம்

முதலில் ஐவான் கடைக்குள் அடைக்கப்படவில்லை. கடையைச் சேர்ந்த ஒருவருடைய வீட்டில் மனுஷக் குழந்தை மாதிரி வளர்ந்தது. 3 வருஷம் அந்த வாழ்க்கை.

குட்டியாக இருக்கும் வரை கொஞ்சலாம். கொரில்லா வளர்ந்தால் வீடு தாங்குமா? வளர்ந்த ஆண் கொரில்லா 150 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். விளையாட்டாகத் தள்ளினாலே ஆள் விழுந்து விடுவான்.

5 வயதில் ஐவானைக் கடைக்குக் கொண்டு போனார்கள். சிமெண்டு தரை, சிமெண்டு சுவர் கொண்ட கூண்டில் விட்டுப் பூட்டினார்கள்.

அது 1967-ம் ஆண்டு. அன்று உள்ளே போன ஐவான் 27 வருஷம் வெளியே வரவில்லை.

27 வருஷம் என்றால் சும்மா இல்லை. கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பல பேர் அதற்கு முன்னாலேயே வீடு திரும்பி விடுகிறார்கள். ஐவான் செய்த குற்றம் என்ன? கொரில்லாவாகப் பிறந்தது ஒன்றுதான்.

இன்னொரு கொரில்லாவையே பார்க்கவில்லை

காட்டில் கொரில்லா தனியாக வாழாது. ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று குடும்பமாக வாழும். பகலில் இலை, தண்டு, பழம் தேடி ஒன்றாகத் திரியும். சாயங்காலம் ஆனால் இலைகளையும் கிளைகளையும் வளைத்துப் படுக்கை போடும். நேற்றைய படுக்கையில் இன்று படுக்காது. தினம் ஒரு புதுப் படுக்கை.

ஆண் கொரில்லாவுக்கு வயது வந்தால் முதுகு முடி வெள்ளி நிறமாக மாறும். அதன் பிறகு அதுதான் குடும்பத் தலைவன். சண்டையை விலக்கும். எங்கே போவது, எப்போது படுப்பது என்று முடிவு செய்யும்.

ஐவானுக்கும் முதுகு வெள்ளி ஆயிற்று. ஆனால் தலைமை தாங்கக் குடும்பம் இல்லை. கூட வந்த பெண் குட்டி செத்த பிறகு அது இன்னொரு கொரில்லாவைக் கண்ணாலும் பார்க்கவில்லை. மழை, மண், புல், மரம் எதுவும் இல்லை.

பொழுது போக வேண்டும் அல்லவா? பெயிண்டும் காகிதமும் கொடுத்தார்கள். ஐவான் விரலால் படம் தீட்டியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. டகோமா ஜனங்கள் ஐவானை வெறுக்கவில்லை. கொண்டாடினார்கள். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஐவானைப் பார்த்தவர்கள், பெரியவர்களாகித் தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினார்கள். கடைக்காரக் குடும்பமும் அதை அடித்துக் கொடுமை செய்ததாக யாரும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பாடு கிடைத்தது.

சாப்பாடு போட்டால் போதுமா என்ற கேள்வி அந்த ஊரில் எழவே 20 வருஷம் ஆயிற்று.

டெலிவிஷனில் வந்தது, ஊர் கொதித்தது

1980-களின் கடைசியில் பிராணிகள் நலச் சங்கத்தினர் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். "ஐவானை வெளியே விடு" என்று போராட்டம் நடந்தது. அந்தக் கடையில் சாமான் வாங்காதீர்கள் என்றும் பிரசாரம் நடந்தது.

1991-ம் ஆண்டு "நேஷனல் ஜியாகிரபிக்" நிறுவனம் நகரத்துக் கொரில்லாக்களைப் பற்றி ஒரு டெலிவிஷன் படம் எடுத்தது. அதில் ஐவானும் இடம் பெற்றது. அதுவரை டகோமாவுக்கு மட்டும் தெரிந்த ஐவானை நாடு முழுவதும் பார்த்தது. பார்த்தவர்கள் பதறினார்கள்.

1993-ல் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையிலும் ஐவான் செய்தி ஆயிற்று.

அந்த நேரத்தில் கடைக்கும் கெட்ட காலம். வியாபாரம் படுத்தது. கடை திவால் நிலைக்குப் போனது. வெளியே எதிர்ப்பு, உள்ளே கடன். கடைசியில் கடைக்காரக் குடும்பம் ஐவானை சியாட்டில் நகரத்தின் உட்லண்ட் பார்க் மிருகக்காட்சி சாலைக்குத் தானமாகக் கொடுத்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கோர்ட்டு உத்தரவு போட்டு ஐவானை மீட்கவில்லை. சர்க்கார் வந்து பூட்டை உடைக்கவில்லை. சொந்தக்காரர்களே கொடுத்தார்கள். அதனால் கதவு திறந்தது. கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால்?

முன் அனுபவம் உள்ள ஊர்

சியாட்டில் மிருகக்காட்சி சாலை ஐவானை 1994-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அட்லாண்டா மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பி வைத்தது. அமெரிக்காவின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு!

ஏன் அட்லாண்டா? அந்த ஊருக்கு இதில் அனுபவம் உண்டு.

அங்கே வில்லி பி. என்ற ஆண் கொரில்லா இருந்தது. அட்லாண்டா மேயராக இருந்தவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். 1961-ல் வந்த வில்லி பி.யும் 27 வருஷம் கட்டடத்துக்குள் தனியாகவே இருந்தது. துணைக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி, தொங்கவிட்ட ஒரு டயர். அவ்வளவுதான்.

வில்லி பி. இருந்தது கடையில் அல்ல. நகரசபையின் மிருகக்காட்சி சாலையில். சர்க்கார் நடத்தினால் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1984-ல் அந்த மிருகக்காட்சி சாலையின் ஊழல்கள் வெளியே வந்தன. நாட்டிலேயே மோசமான மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று என்று பெயர் கெட்டது. ஊர் தலைகுனிந்தது. அடுத்த வருஷம் நிர்வாகம் மாறியது. பழைய கூண்டுகள் போய், மரமும் புல்லும் உள்ள திறந்த வெளி அமைக்கப்பட்டது.

1988-ம் ஆண்டு மே மாதம் வில்லி பி. முதல் தடவையாகத் திறந்த வெளிக்கு வந்தது. பிறகு பெண் கொரில்லாக்களோடு பழகியது. 5 குட்டிகளுக்கு அப்பன் ஆயிற்று. 2000-ம் ஆண்டு அது இறந்தபோது, அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள்.

தனியாக இருந்த கொரில்லா கூட்டத்தோடு சேராது, கிழட்டு மிருகத்தை மாற்றக் கூடாது என்று சொல்பவர்களுக்கு வில்லி பி. பதில் சொல்லிவிட்டது. அதனால்தான் ஐவானும் அங்கே போனது.

புல்லில் கால் வைத்தது

அட்லாண்டாவில் ஐவானை எடுத்தவுடன் கூட்டத்தில் தள்ளிவிடவில்லை. புது இடம், புது ஆள், புதுச் சாப்பாடு. ஒவ்வொன்றாகப் பழக்கினார்கள். பெண் கொரில்லாக்களை முதலில் தள்ளி நின்று பார்க்க வைத்தார்கள். பிறகு கிட்டே விட்டார்கள்.

வயது 30-ஐத் தாண்டிய ஐவான், 27 வருஷத்துக்குப் பிறகு வானத்தைப் பார்த்தது. புல்லில் கால் வைத்தது.

வில்லி பி. மாதிரி ஐவானுக்குக் குட்டி பிறக்கவில்லை. காட்டுக் கொரில்லாவின் நடைமுறை எல்லாம் அதற்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மனுஷர்களோடு இருந்த பழக்கம் கடைசி வரை விடவில்லை. அட்லாண்டாவிலும் படம் தீட்டியது. கட்டைவிரல் ரேகையே அதன் கையெழுத்து.

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி உடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்திருந்த நேரத்தில் ஐவான் இறந்தது. நெஞ்சில் கட்டி இருந்தது பிறகு தெரிந்தது. அப்போது அதற்கு வயது 50. கொரில்லாவுக்கு அது முதிர்ந்த வயது.

கடையை விட்டு வந்த பிறகு ஐவான் வாழ்ந்தது 18 வருஷம். இந்த 18 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக் விவகாரத்துக்கு இது தேவைப்படும்.

ஐவான் இறந்த அதே வருஷம் அதன் கதையைத் தழுவிக் கேத்தரின் ஆப்பிள்கேட் எழுதிய குழந்தைகள் நாவல் வெளிவந்தது. 2013-ல் அதற்கு நியூபெரி பரிசு கிடைத்தது. 2020-ல் டிஸ்னி நிறுவனம் அதை சினிமாவாக்கியது. டகோமாவில் 2016-ல் ஐவானுக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

பாங்காக்கில் 6-வது மாடி

இனி பாங்காக்குக்கு வருவோம்.

சாவோ பிரயா ஆற்றுக்கு மேற்கே பின்கிளாவ் என்ற பகுதி. அங்கே "பாத்தா" என்ற டிபார்ட்மெண்ட் ஸ்டோர். கட்டடத்தின் 6-வது, 7-வது மாடிகளில் மிருகக்காட்சி சாலை! 1980-களில் தொடங்கியது.

கீழே வியாபாரம். மேலே குரங்கு, ஊர்வன, பறவை, புலி, சிறுத்தை. டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

அங்கே இருந்த பெண் கொரில்லாவின் பெயர் புவா நொய். தாய்லாந்து பாஷையில் குட்டித் தாமரை என்று அர்த்தம். சின்ன வயதில் ஜெர்மனியில் இருந்து வாங்கி வந்தார்கள். கூட இருந்த ஆண் கொரில்லா பல வருஷம் முன்பே இறந்துவிட்டது. தாய்லாந்து நாட்டிலேயே மிச்சம் இருந்த ஒரே கொரில்லா புவா நொய்தான்.

கம்பிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் அது உட்கார்ந்திருக்கும் படம் உலகம் பூராவும் பரவியது. பாங்காக் மாணவர்களும் பொதுஜனங்களும் 2014, 2015-ம் ஆண்டுகளில் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். பிராணிகள் நல அமைப்பான "பீட்டா"வும் தொடர்ந்து குரல் கொடுத்தது.

2020-ல் அமெரிக்கப் பாடகி ஷெர் தாய்லாந்து சுற்றுச்சூழல் மந்திரிக்குக் கடிதம் எழுதினார்.

கதவு திறக்கவில்லை.

சொத்து! தொடக் கூடாது!

ஏன் திறக்கவில்லை? காரணம் ஒரே வார்த்தை: சொத்து.

கடைக்கு மிருகக்காட்சி சாலை நடத்த லைசென்சு இருந்தது. கொரில்லா சட்டப்படி வாங்கியது. ஆகவே அது கடைக்காரரின் தனிச் சொத்து. ஒருவரின் சொத்தை சர்க்கார் பிடுங்க முடியாது என்பதே அமைச்சகத்தின் நிலை.

2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இது வெட்டவெளிச்சம் ஆயிற்று. நன்கொடை திரட்டிக் கொரில்லாவை வாங்கி விடுவிக்கலாம் என்று சர்க்கார் தரப்பில் முயற்சி நடந்தது. கடைக்காரர் 3 கோடி பாட் கேட்கிறார், அது மிக அதிகம் என்று அமைச்சக அதிகாரி சொன்ன செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. தாங்கள் அப்படி விலை பேசவே இல்லை என்று கடைத் தரப்பு மறுத்தது.

விலை பேசினார்களோ இல்லையோ, ஒரு விஷயம் நிச்சயம். ஒரு நாட்டின் சர்க்காரே ஒரு கொரில்லாவை வெளியே கொண்டு வரப் பணம் புரட்ட யோசிக்க வேண்டி வந்தது.

தாய்லாந்தில் பிராணிகளை வதைப்பதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2014-ல் வந்தது. ஆனால் அடித்தால், பட்டினி போட்டால் பிடிக்கலாம். வேளைக்குச் சாப்பாடு போட்டு, டாக்டரையும் வைத்துக்கொண்டு, தனியாகப் பூட்டி வைத்தால் என்ன செய்வது?

அங்கேதான் வழக்கு நின்றுவிட்டது.

கடைக்காரர் சொல்வது என்ன?

கடைத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. புவா நொய் சின்ன வயதில் இருந்து இங்கேயே வளர்ந்தது, மனுஷர்களோடு பழகியது, வயதாகி விட்டது, புது இடத்துக்குப் போனால் நோய் தொற்றும், அந்த அதிர்ச்சியைத் தாங்காது என்றார்கள்.

இதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. கனடாவில் ஒரு சம்பவம் நடந்தது.

எட்மண்டன் நகரத்தில் ஒரு பிரமாண்டமான கடைத்தொகுதி. அதற்குள் செயற்கைக் குளம் வெட்டி, 1980-களில் புளோரிடாவில் இருந்து 4 டால்பின்களைக் கொண்டு வந்து விட்டார்கள். ஒவ்வொன்றாகச் செத்து, ஹோவர்டு என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. 2004-ம் ஆண்டு மே மாதம் அதைப் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே ஹோவர்டு இறந்தது.

ஆகவே இடம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் ஐவானை மாற்றியபோது அதற்கு வயது 30-க்கு மேல். பிறகு 18 வருஷம் வாழ்ந்தது. வில்லி பி. வெளியே வந்தபோதும் அதற்கு ஏறக்குறைய 30 வயது. பிறகுதான் 5 குட்டிகள் பிறந்தன. 2022-ல் புவா நொய்க்கும் அந்த வயதுதான் இருக்கும்.

நோய் பயம் என்றால், அது கடையிலும் உண்டு. மனுஷனுக்கு வரும் சளி, காய்ச்சல் கொரில்லாவையும் பிடிக்கும். 2021-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சான்டீகோவில் கொரில்லாக்களுக்குக் கொரோனாவே வந்துவிட்டது. தினம் நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்து போகும் கட்டடத்தில் மட்டும் நோய் வராதா?

இன்னொரு பயமும் உண்டு. மாடியில் தீப்பிடித்தால் மனுஷன் படி இறங்கி ஓடுவான். கூண்டில் இருக்கும் புலியையும் கொரில்லாவையும் அவ்வளவு உயரத்தில் இருந்து யார், எப்படி இறக்குவது? பிராணிகள் நலச் சங்கத்தினர் பல தடவை கேட்ட கேள்வி இது.

பனிக்கரடிக்குக் கண்ணாடிக் கூண்டு

கொரில்லாவோடு விஷயம் முடியவில்லை. சீனாவின் குவாங்சோ நகரத்தில் உள்ள "கிராண்ட்வியூ" கடைத்தொகுதிக்குள் 2016-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு மீன்காட்சி சாலை திறந்தார்கள். அதில் ஒரு பனிக்கரடி. பெயர் பீட்சா.

பனிக்கட்டிக் கடலில் பல நூறு கிலோமீட்டர் திரியும் ஜாதி அது. கடைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் படுத்துக் கிடந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் கண்ணாடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

"உலகத்திலேயே சோகமான பனிக்கரடி" என்று அதற்குப் பெயர் வந்தது. லட்சக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டார்கள். இங்கிலாந்தில் யார்க்ஷயர் வனவிலங்குப் பூங்கா இடம் கொடுக்க முன்வந்தது. கடைத் தரப்பு சம்மதிக்கவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் கூண்டை விஸ்தரிக்கும் வேலைக்காக, பீட்சாவை அது பிறந்த தியான்ஜின் நகருக்கு அனுப்பினார்கள். தற்காலிகமாகத்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் கடைசி முடிவு சொந்தக்காரர் கையில்தான்.

கோர்ட்டு திறந்த பூட்டு

சொந்தக்காரர் மனம் வைத்தால் மட்டும்தான் விடிவா? வேறு வழியே இல்லையா?

ஒரு வழி உண்டு. பாகிஸ்தானில் அது நடந்தது.

1985-ல் இலங்கை, பாகிஸ்தானுக்குப் பரிசாகக் கொடுத்த யானைக்குட்டி காவன். இஸ்லாமாபாத் மிருகக்காட்சி சாலையில் வளர்ந்தது. ஜோடியாக இருந்த சஹேலி 2012-ல் செத்த பிறகு தனி மரம் ஆயிற்று. நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

வழக்கு இஸ்லாமாபாத் ஐகோர்ட்டுக்குப் போனது. 2020-ம் ஆண்டு மே மாதம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. மிருகத்துக்கும் உரிமை உண்டு, காவனைத் தகுந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்த வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் காவன் விமானத்தில் கம்போடியாவுக்குப் போனது. வழியனுப்ப வந்தவர்களில் புவா நொய்க்காகக் கடிதம் எழுதிய அதே ஷெர் அம்மாளும் ஒருவர்.

காவன் சர்க்கார் யானை. அதனால் கோர்ட்டு சர்க்காருக்கு உத்தரவு போட்டது, வேலை முடிந்தது. புவா நொய் தனியார் கொரில்லா. தனியார் சொத்து என்று வந்துவிட்டால் சட்டம் ஒதுங்கி நிற்கிறது.

லைசென்சு பார்த்தவர்கள் யார்?

ஐவானுக்குத் திவாலான கடை கதவு திறந்தது. வில்லி பி.க்கு ஊரின் வெட்கம் திறந்தது. காவனுக்குக் கோர்ட்டு திறந்தது. 2022 வரை நடந்த எந்த முயற்சியிலும் புவா நொய்க்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்று மிருகத்துக்கும் கதவு திறந்தது பல பத்து வருஷம் கழித்து. பூட்டும்போது யாரும் தடுக்கவில்லை. டகோமாவில் கடைக்குள் கொரில்லாவை வைத்தபோது கேள்வி இல்லை. பாங்காக்கில் மாடிக்குக் கொரில்லாவை ஏற்றியபோதும் கேள்வி இல்லை. லைசென்சு கொடுத்தவர்கள் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த மிருகம் இன்னும் 40 வருஷம் இங்கே எப்படி வாழும் என்று பார்க்கவில்லை.

கொரில்லா 50 வருஷம் வரை வாழும். கடைக்கு அவ்வளவு ஆயுசு உண்டா என்பது யாருக்கும் தெரியாது. முதலாளி மாறலாம், வியாபாரம் படுக்கலாம், கட்டடமே கைமாறலாம். மிருகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே உள்ளே விட்ட பிறகு உலகம் பூராவும் கையெழுத்து வாங்கிப் பிரயோஜனம் குறைவு. மாடிப்படி ஏறும் முன்னால் தடுக்க வேண்டும். அந்தச் சாவி கடைக்காரர் கையில் இல்லை. லைசென்சில் கையெழுத்துப் போடும் அதிகாரி கையில் இருக்கிறது.